கணிப்பொறியும் என் பழைய குறிப்பேடும்

கணிப்பொறியும் நானும் கீரியும் பாம்புமாக இருந்த காலம் ஒன்றுண்டு. என் மாணவர்கள் இதனை நன்கறிவர். மதிப்பெண் பட்டியலை ஏற்றுவதற்குக் கூட இளைய விரிவுரையாளர் ஒருவரின் தயவை நாடிக் காலந்தள்ளி வந்தேன். 2020-ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் இரண்டு வாரப் புத்தொளிப் பயிற்சி கணிப்பொறி வழியாகவே நடந்தபோது, தப்ப வழியில்லை. செங்கற்பட்டில் என் வீட்டு முன்னறையில், மகனுடைய மடிக்கணினி முன் அமர்ந்தேன். பயிற்சி அளித்தவர் என்னிடமே படித்த மாணவி!

"ஐயா, உங்கள் பழைய குறிப்பு ஏதாவது ஒன்றைத் திறந்து காட்டுங்கள்" என்றார். பெருமையோடு 2005-ஆம் ஆண்டுக் கோப்பு ஒன்றைத் திறந்தேன். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துக் கல்வெட்டுகளை வெளிக்காட்டியதும், அதன் தொடர்பாக நடந்த அகழாய்வில் முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டதும், கருங்கல் கட்டடத்துக்கு அடியில் பழைய செங்கற் கட்டடம் காணப்பட்டதும் நீங்கள் அறிந்தவையே. அப்போது மாணவர்களோடு அங்குச் சென்று, முதிய மீனவர் ஒருவர் கடல் உள்வாங்கிய காட்சியைச் சொல்லச் சொல்ல எழுதி வைத்த குறிப்பு அது. கையெழுத்துப் படி மழையில் நனைந்து போயிற்று. பெரியவரும் இன்றில்லை.

திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் எறும்புச் சாரிபோல ஓடின. எனக்கு வியர்த்துவிட்டது.

"எழுத்து எங்கும் போகவில்லை ஐயா, சட்டைதான் போயிற்று" என்று அந்த மாணவி விளக்கினார். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். நான் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளின் எண்களே: 109, 107, 59, 107, 104. அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு. அது இல்லாத கணிப்பொறியில் போர்வை நழுவிவிடுகிறது. யூனிகோடு முறையிலோ தமிழுக்கென்றே எண்கள் உண்டு. 'அ' எப்போதும் 2949, 'ம' எப்போதும் 2990, புள்ளிக்கு 3021. எந்த எழுத்துருவை மாற்றினாலும் எண் மாறாது. தமிழக அரசு 2010-இல் இம்முறையை ஏற்றது. அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் நான் பாமினியிலேயே அடித்துக் கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாற்றித் தரும் செயலி ஒன்றில் கோப்பை இட்டோம். நொடியில் தமிழ் திரும்பியது. ஆனால் முழுமையாக அன்று. பழைய முறையில் 'கொ' எழுத, தட்டச்சுப் பொறியைப் போலவே முதலில் கொம்பு, பிறகு 'க', அதன்பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம். யூனிகோடில் ஒலியின் வரிசை; 'க' முதலில், உயிர்க்குறி அடுத்து. நான் இடையில் எங்கோ தவறாக இடைவெளி விட்டிருந்த இடங்களில் கொம்புகள் தனியே நின்றன. இன்னொரு வேடிக்கை: ஆங்கிலத்தில் கடலைக் குறிக்க எஸ், ஈ, ஏ என்று நான் அடித்திருந்த இடமெல்லாம் 'ளநய' ஆகிவிட்டது! செயலிக்கு ஆங்கிலமேது, தமிழேது? மூன்று இரவுகள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துத் திருத்தினேன்.

பயிற்சியில் காணொளி, வினாடி வினா என்று வேறு பலவும் சொல்லிக் கொடுத்தார்கள், பாதி மறந்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகை மட்டும் கைக்கு வந்தது. 'அ, ம, ம, ஆ' என்று தட்டினால் புள்ளியைத் தானே வைத்துக்கொள்கிறது.

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றார். சாளுவன்குப்பத்தைச் சேர்ந்தவர், அந்தப் பெரியவரின் பேரன். "தாத்தா பேசியது உங்களிடம் இருக்கிறதாமே, ஐயா?" என்றார். அங்கேயே அவருடைய கைப்பேசிக்கு அனுப்பினேன். மரத்தடியில் நின்று திறந்தார். நல்ல தமிழாகவே திறந்தது.