நாய் அடங்கிவிட்டது, வலி அடங்கியதா?

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குக் காலை ரயிலில் வந்துபோகும் நேயர்கள் கவனித்திருப்பீர்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வண்டி நிற்கும் நிலையங்களிலெல்லாம் நான்கைந்து நாய்கள் நமக்கு முன்பே நடைமேடைக்கு வந்து படுத்திருக்கும். இந்த நாய்களைப் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது என்பது அந்த ஆணை.

அந்த வாரம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், காப்பகத்தில் விட்டால் நாய்களுக்கும் நல்லதுதானே? விலங்கு நலச் சங்கத்தார்தானே பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?"

வெறிநாய்க்கடி நோய் வந்தபின் பிழைப்பவர் அநேகமாக இல்லை. ஆகவே நாய்களைத் தெருவிலேயே விட்டுவிடலாம் என்று நான் வாதாடப் போவதில்லை. அந்த மாணவியின் கேள்வியில் எனக்கு இடறியது 'தானே' என்ற சொல்தான். நல்லெண்ணம் உள்ளவர் கையில் இருக்கும் விலங்கு நலமாகத்தான் இருக்கும் என்று எப்படிச் சொல்கிறோம்? பார்த்தா, அளந்தா?

லண்டனில் பாட்டர்சீ நாய்கள் இல்லம் என்பது உலகப் புகழ்பெற்ற தர்ம ஸ்தாபனம். 1860-இல் தொடங்கியது. நாய்கள் பெருகிவிட்டதால், யாரும் கேட்டு வராதவற்றைக் கொல்ல வேண்டிய நிலை வந்தது. வலியில்லாமல் கொல்வதற்காக பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் 1884-இல் அங்கே ஓர் அறை அமைத்துக் கொடுத்தார். கார்பன் மோனாக்சைடும் குளோரோஃபார்மும் கலந்த வாயு நிரப்பிய 'மரண அறை' அது. பின்னர் 1930-களில் வாயு போய் மின்சாரம் வந்தது. ரிச்சர்ட்சன் கொடியவர் அல்லர். அடித்துக் கொல்வதற்கும் முக்கிக் கொல்வதற்கும் மாற்றுத் தேடியவர். ஆனால் இந்த முறைகளையெல்லாம் மதிப்பிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே அளவுகோலையே வைத்திருந்தார்கள்: விலங்கு துள்ளுகிறதா, கத்துகிறதா, அல்லது அமைதியாக விழுகிறதா? இந்த அளவுகோல்தான் கோளாறானது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் மின்சாரம். ஓர் உடலின் வழியே மின்னோட்டம் பாயும்போது அது எந்த வழியாகப் போகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூளை வழியாகத் தக்க அளவு பாய்ந்தால் நினைவு அக்கணமே போய்விடும். முன்காலிலிருந்து பின்காலுக்குப் பாய்ந்தால்? இதயம் தாறுமாறாகத் துடித்து இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆனால் மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயு தீரும்வரை நினைவு இருக்கும். நாய்களில் இது 10 முதல் 30 விநாடி வரை என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. 30 விநாடி என்பது எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டுமானால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பாருங்கள். இந்த நேரம் முழுவதும் தசைகள் இறுகி விறைத்திருப்பதால் நாய் கத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது அமைதியான மரணம்! அதனால்தான், விலங்கை முதலில் நினைவிழக்கச் செய்யாமல் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் ஏற்பதில்லை.

இதை நம் ஊருக்குத் தொலைவான கதை என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை மாநகராட்சி 1996 வரை தெரு நாய்களை மின்சாரம் பாய்ச்சித்தான் கொன்றுவந்தது. கடைசி ஆண்டுகளில் ஒரு நாளில் 135 நாய்கள் வரைகூடக் கொல்லப்பட்டதாகச் சென்னை புளூ கிராஸ் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று அந்த அமைப்பு 1964-இலேயே சொல்லிவிட்டது. கேட்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அடுத்தது காற்றழுத்தம். இதைப் படித்தபோது பௌதிக ஆசிரியன் என்ற முறையில் எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. அமெரிக்காவில் 1950-களில் தொடங்கி பல நகரங்களின் காப்பகங்களில் ஒரு புதிய இயந்திரம் வந்தது. நாய்களை ஓர் எஃகு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றுவார்கள். ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் 55,000 அடி உயரத்துக்குப் போனதற்குச் சமமான அழுத்தம் உள்ளே உண்டாகும். விமானிகள் உயரத்தில் பிராணவாயு குறைந்தால் வலியின்றி, சில சமயம் மகிழ்ச்சியாகவே மயங்கிவிடுகிறார்கள். நாயும் அப்படியே மயங்கும் என்பது வாதம். விலங்கு நல அமைப்புகளே இதைச் சிறந்த முறை என்று பரிந்துரைத்தன.

வாதம் பாதி சரி. மீதிப் பாதியை உயர்நிலைப் பள்ளி மாணவரே சொல்லிவிடுவார். 55,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் சுமார் 11-இல் ஒரு பங்குதான். பாயில் விதிப்படி, அடைபட்ட வாயு 11 மடங்கு விரிய முயலும். நாயின் குடலிலும் நடுச்செவியிலும் நெற்றி எலும்பின் குழிவுகளிலும் வாயு அடைபட்டிருக்கிறதே, அது எங்கே போகும்? சளி பிடித்திருக்கும்போது கொடைக்கானல் மலையிலிருந்து பேருந்தில் இறங்கியவர்களுக்குக் காதுவலி என்னவென்று தெரியும். அங்கே அழுத்தம் மாறுவது இரண்டு மணி நேரத்தில், அதுவும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மேலும், குட்டிகள் பிராணவாயுக் குறைவைப் பெரிய நாய்களைவிட அதிக நேரம் தாங்கும்; அவை சாக நெடுநேரம் ஆகும். எஃகுச் சுவருக்கு வெளியே நின்றவருக்கு இது எதுவும் கேட்கவில்லை. காற்றில்லாத இடத்தில் ஒலி பரவாது என்பதும் நாம் நடத்தும் பாடம்தான். எதிர்ப்பு வலுத்து, 1970-களிலும் 1980-களிலும் ஒவ்வொரு மாநிலமாக இந்த இயந்திரத்தைக் கைவிட்டன. இன்று அது ஏற்கத்தகாத முறைகளின் பட்டியலில் இருக்கிறது.

சரி, கொல்வதை விட்டுவிடுவோம். நம் நாட்டு விதிகள் ஆரோக்கியமான தெரு நாயைக் கொல்ல அனுமதிப்பதில்லை. இங்கே கேள்வி, உயிரோடு அடைத்து வைப்பது பற்றியது. காப்பகத்தை எந்தக் கருவியால் அளப்பது?

ஒரு வெப்பமானி போதும். 15 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தாலே அதன் உடலிலிருந்து சுமார் 25 வாட் வெப்பம் வெளிவருகிறது. ஒரு கொட்டகையில் 40 நாய்கள் என்றால் 1000 வாட். அதாவது வீட்டில் வெந்நீர் காய்ச்சும் ஹீட்டர் ஒன்றை இரவும் பகலும் அணைக்காமல் அங்கே மாட்டிவைத்ததற்குச் சமம். நாய்கள் குரைத்துக்கொண்டும் உலாவிக்கொண்டும் இருந்தால் இது இன்னும் கூடும். நமக்கு வேர்க்கிறது, விசிறி போட்டால் வேர்வை ஆவியாகி உடல் குளிர்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டுமே சிறிது வேர்க்கும். அது நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் குளிர்ந்தாக வேண்டும். எனவே காப்பகத்தில் மின்விசிறி ஓடுவதைப் பார்த்து, "நாய்களுக்கு ஃபேன்கூடப் போட்டிருக்கிறார்களே" என்று மகிழ்ந்துபோகிறோமே, அந்தக் குளிர்ச்சியில் பெரும்பகுதி பார்க்க வந்த நமக்குத்தான்! வெளிக்காற்றே உடல் சூட்டுக்குச் சமமாகிவிடும் மே மாதப் பகலில், 25 வாட்டையும் நீராவியாக வெளியேற்ற ஒரு நாய்க்கு மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீர் வேண்டும். அதிலும் கடலூர்க் கரையோரக் காற்று ஈரம் மிகுந்தது. ஈரக் காற்றில் நீர் ஆவியாவது மந்தமாகிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இருந்துவிட்டால் அதன் வெப்பக் கதிர்வீச்சு வேறு.

பிறகு ஒலி. அடைப்பு நாய்க் கூடங்களில் ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம் என்று அளந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு வரம்பு 90 டெசிபல். தொழிலாளி மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஒரு நாய் குரைப்பதைவிட 40 நாய்கள் சேர்ந்து குரைக்கும்போது 16 டெசிபல் கூடுகிறது. சுவரும் தரையும் வழவழப்பான ஓடு பதித்ததாக இருந்தால் (கழுவ எளிது என்று அப்படித்தான் கட்டுகிறோம்) ஒலி அடங்காமல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். நம் செவிக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு ஏறக்குறைய 45,000. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி வைத்திருப்பவர்கள் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். அது மனிதன் கேட்பதை அளக்கும் கருவி.

"அதோ அந்த மூலையில் ஒன்று அமைதியாகப் படுத்திருக்கிறதே, அதற்குப் பழகிவிட்டது" என்று காப்பகங்களில் சொல்வார்கள். 1967-இல் பென்சில்வேனியாவில் செலிக்மன், மேயர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். தப்பவே முடியாதபடி மின்னதிர்ச்சி தரப்பட்ட நாய்களைப் பிறகு தப்பக்கூடிய இடத்தில் விட்டார்கள். பல நாய்கள் எழுந்திருக்கவேயில்லை. படுத்தபடியே அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. சோதனையும் கொடுமைதான். என்றாலும் அது காட்டியதை மறுக்க முடியாது: அடங்கிக் கிடப்பது பழகிவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம், முயற்சியைக் கைவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் 'பீட்டா' அமைப்பின் வர்ஜீனியா காப்பகத்தைப் பற்றி நெடுநாள் சர்ச்சை உண்டு. அங்கே வந்துசேரும் விலங்குகளில் பெரும்பாலானவை கருணைக்கொலை செய்யப்படுகின்றன. வேறெவரும் ஏற்காத நோயாளி விலங்குகளே எங்களிடம் வருகின்றன என்பது அவர்கள் விளக்கம். யார் சரி என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. அந்த மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு காப்பகமும் எத்தனை விலங்கு வந்தது, எத்தனை வீடு போய்ச் சேர்ந்தது, எத்தனை கொல்லப்பட்டது என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்கிறது. அதனால் குறை சொல்பவரும் பதில் சொல்பவரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நம் ஊர்க் காப்பகத்துக்குப் போகும் நீங்களும் பதிவேட்டைக் கேளுங்கள்: வந்தவை, போனவை, இறந்தவை.

மாணவர்கள் சிலருடன் அண்மையில் ஒரு காப்பகத்துக்குப் போயிருந்தேன். அதை நடத்துபவர் சொந்தப் பணத்தைப் போட்டு நடத்துகிறார். எங்களிடம் ஆய்வுக்கூடத்து வெப்பமானிகள் இரண்டு இருந்தன. ஒன்றை வேப்பமர நிழலிலும் ஒன்றைக் கொட்டகைக்குள்ளும் தொங்கவிட்டோம். உள்ளேதான் சூடு அதிகம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "காலையில் கழுவிவிடும்போது குளுமையாகத்தானே சார் இருக்கு?" என்றார். கூரைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேயலாம், அது கதிர்வீச்சையும் தடுக்கும், குரைப்பொலியையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும் என்று சொன்னோம். தீப்பிடிக்கும் அபாயத்தை அவரே எடுத்துச் சொன்னார். மின்கம்பிகளை மாற்றிப் போட்டபின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேய்ந்து பார்ப்பதாக முடிவாயிற்று. அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்: தேதி, மதியம் இரண்டு மணிக்கு நிழலில் எவ்வளவு, உள்ளே எவ்வளவு. அக்கினி நட்சத்திரம் வரும்போது மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.