மீட்டர் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையில் இருக்கிற ஆனைக்குட்டம் என்றால் விவசாயிக்கு அர்ஜுனா நதியின் அணை நினைவுக்கு வரும். பட்டாசுக்காரருக்கு அந்தப் பெயர் வேறொன்றைச் சொல்லும். மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் பட்டாசு ஆராய்ச்சி, மேம்பாட்டு மையம் அங்கேதான் இருக்கிறது. மருந்தில் என்னென்ன ரசாயனம் எவ்வளவு, வெடித்தால் சத்தம் எவ்வளவு என்பதெல்லாம் சோதனைக்கு வரும் இடம்.

சத்தத்தை அங்கே கருவி அளக்கிறது. ஆனால் ஒலியை மதிப்பிட வேண்டியது கருவியா, காதா என்ற வழக்கு ஆம்ப்ளிபயர் பிரியர்களிடையே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. “டிஸ்டார்ஷன் 0.01 சதவீதம், பேச்சு முடிந்தது” என்பார் ஒருவர். “எண்ணை நீயே வைத்துக்கொள். என் வால்வு செட்டில் சுசீலா பாடுகிற மாதிரி உன் பெட்டியில் பாட மாட்டார்” என்பார் மற்றவர். காசு இருக்கிறவர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பட்டாசு வட்டாரத்தில் அதே வழக்கு சட்டமாகவும் பிழைப்பாகவும் இருக்கிறது.

1999 அக்டோபர் 5-ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபல் ஏஐ, அல்லது 145 டெசிபல் சி பீக், இதற்கு மேல் சத்தம் போடும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. ஒரே வெடிக்கு எதற்கு இரண்டு எண்? அணுகுண்டுப் பட்டாசு வெடிப்பது சில மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடுகிறது. முதல் எண்ணைக் காட்டும் மீட்டர் 35 மில்லிசெகண்டு கணக்கில் சத்தத்தைச் சராசரியாக்கிச் சொல்கிறது. இரண்டாவது, சராசரி எதுவும் இல்லாமல் உச்சியை அப்படியே பிடிக்கிறது. இரண்டும் உண்மை, இரண்டுக்கும் நடுவே 20 டெசிபல். மீட்டரில் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

சரவெடிக்குத் தனிக் கணக்கு. கோத்திருக்கும் வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து, ஐந்தால் பெருக்கி, அதை வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். நூறு வெடி கொண்ட சரத்தில் ஒவ்வொன்றும் 115-ஐத் தாண்டக் கூடாது. பத்தாயிரம் வாலா என்றால் 105. சரவெடியையே 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டதால், இந்தச் சூத்திரம் இப்போது ஏட்டில் இருக்கிறது.

அளக்கும் இடத்துக்கும் விதி உண்டு. குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் தரை, சுற்றிலும் 15 மீட்டருக்குச் சுவரோ வேறு தடுப்போ இருக்கக் கூடாது. அளவு ஊருக்கு ஊர் மாறாமலிருக்க இப்படித்தான் செய்ய வேண்டும், சரிதான். ஆனால் நாம் வெடி போடுவது இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நெருக்கி நிற்கும் தெருவில். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். ஆம்ப்ளிபயர் சோதனையிலும் இதே கதைதான். மேஜையில் 8 ஓம் மின்தடையை மாட்டி அளக்கிறார்கள். வீட்டிலிருக்கும் ஸ்பீக்கரோ சுருதிக்குச் சுருதி ஓம் மாறுகிற சாமான். ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 30. மீட்டர் பொய் சொல்லவில்லை, நம் வீட்டைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இதில் உச்ச நீதிமன்றம் ஒருமுறை எடுத்த திருப்பம் சுவாரசியமானது. 2005 ஜூலை 18-ஆம் தேதித் தீர்ப்பில், ஒலியின் அளவை வைத்து வெடியை மதிப்பிடுவதைவிட ரசாயனக் கலவையை வைத்து மதிப்பிடுவதே நம் நாட்டு நிலைமைக்கு நடைமுறையில் ஒத்துவரும் என்று நீதிபதிகள் ஆர்.சி. லகோட்டியும் அசோக் பானும் சொன்னார்கள். எந்த வெடியில் எந்த ரசாயனம் எத்தனை எடை என்று வெடிபொருள் துறை வரையறுக்க வேண்டும். அதாவது காதும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம், தராசு போதும். காரணம் புரிகிறது. ஊரெங்கும் மீட்டரோடு அதிகாரியை நிறுத்த முடியாது. ஆனாலும் அதே மருந்தை அதே எடையில் போட்டாலும், காகிதத்தின் கனமும் சணல் சுற்றின் இறுக்கமும் மாறினால் வெடியின் சத்தம் மாறும். மைக்செட் வாங்கப் போகிறவர்கள் ஆம்ப்ளிபயரைத் தூக்கிப் பார்த்து, “டிரான்ஸ்பார்மர் நல்ல கனம், நல்ல செட்டுதான்” என்பார்களே, கிட்டத்தட்ட அந்தத் தராசு. பாதி சமயம் சரியாகவே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எண்ணின் மீது மக்களுக்கு அவநம்பிக்கை வந்ததில் விற்பனையாளர்களின் பங்கு பெரிது. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ‘1000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று ஒட்டி விற்ற காலம் நினைவிருக்கும். பிஎம்பிஓவுக்குப் பொதுவான வரையறை கிடையாது. ஆர்எம்எஸ் கணக்கில் அந்தப் பெட்டி பத்து வாட் கொடுத்தால் பெரிய விஷயம்.

நேர்மையாக அளந்த எண்ணும் வழுக்கியதுண்டு. ஆரம்பகால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களின் மொத்த டிஸ்டார்ஷன், முழு சக்தியில் அளந்தபோது அழகாக இருந்தது. வீட்டில் மெதுவாகப் பாட்டு வைத்தால் மணல் உரசுகிற மாதிரி கரகரத்தது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் விட்டதை அடுத்தது பிடிப்பதற்குள் விழுகிற சின்னப் பள்ளம் அது. மெல்லிய ஒலியில்தான் அது பெரிதாகத் தெரியும். காதுதான் முதலில் புகார் சொன்னது. உயர்நிலை ஹார்மோனிக்குகள் காதை அதிகம் உறுத்தும், அவற்றுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கணக்கிடுங்கள் என்று பிபிசியின் டி.இ.எல். ஷார்ட்டர் 1950-லேயே எழுதியிருந்தார். தொழில் கேட்கவில்லை. ஒரே ஒரு சதவீத எண் விளம்பரத்துக்கு வசதி.

அப்படியானால் காதுக்கே மாலை போட்டுவிடலாமா? கூடாது. இரண்டு ஆம்ப்ளிபயரில் ஒன்றை அரை டெசிபல் உயர்த்தி வைத்தால், கேட்பவர் “இது சத்தம் அதிகம்” என்று சொல்ல மாட்டார், “இது தெளிவு” என்பார். விலைச்சீட்டு தெரிந்தால் தெளிவு இன்னும் கூடும். 1985-இல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகைக்கு ஒரு சவால் விட்டார். அவர்கள் போற்றிய விலை உயர்ந்த ஆம்ப்ளிபயரின் ஒலியைத் தன் மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியில் கொண்டுவருவதாகச் சொல்லி, இரண்டின் வெளியீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவியில் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். கடைசியில் பத்திரிகைக்காரர்களின் காதுக்கு வேறுபாடு பிடிபடவில்லை. காது கொண்டாடியது மீட்டருக்கு எட்டாத மாயம் அல்ல. அதுவரை சரியான இடத்தில் அளக்கவில்லை, அவ்வளவுதான். ஆம்ப்ளிபயர் வாங்குகிறவருக்கு நான் சொல்வது: ஒலியளவை மீட்டர் வைத்துச் சமப்படுத்துங்கள், பெட்டியைத் துணியால் மூடுங்கள், அப்புறம் காதை நம்புங்கள்.

வெடியில் இந்தச் சலுகை இல்லை. அங்கே காது நீதிபதியே அல்ல, அடிபடுகிற கட்சி. ஐந்தில் ஒரு பங்கு செகண்டாவது நீடித்தால்தான் ஒரு சத்தத்தின் முழு வலிமை நமக்கு உறைக்கும். சில மில்லிசெகண்டு வெடி, உள்ளே செய்கிற சேதத்தைவிடக் குறைவாகவே கேட்கும். வெடிச் சத்தத்தின் உச்சி பெரியவர்களின் காதில் 140 டெசிபலையும் குழந்தைகளின் காதில் 120 டெசிபலையும் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. நம் சட்டத்தின் 145-ஐத் தொடும் வெடி, வெட்டவெளியில்கூட 120-க்கு இறங்க ஏறக்குறைய 70 மீட்டர் வேண்டும். பசுமைப் பட்டாசுகளில் ஸ்வாஸ் ரகத்துக்கு, அதை உருவாக்கிய தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி சொல்லும் அளவு, ‘ஏ’ அளவுகோலில், 105 முதல் 110 வரை; உச்சி அளவு அல்ல. தெருவுக்கு அது நல்ல செய்தி.

மீட்டரும் இங்கே முழு யோக்கியமில்லை. அது பயன்படுத்தும் ‘ஏ’ அளவுகோல், பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-இல் மனிதர்களைக் கேட்கவைத்து வரைந்த வளைகோட்டிலிருந்து வந்தது. அதிலும் மெல்லிய ஒலிக்கான கோட்டை ஒட்டியது. 50 ஹெர்ட்ஸில் அது 30 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். விருதுநகர் பங்குனிப் பொங்கலிலோ சிவகாசி சித்திரைப் பொங்கலிலோ ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும் பேஸ் பெட்டி, ‘ஏ’ மீட்டருக்குச் சாதுவாகத் தெரியலாம். ஒலி மாசு விதிகளின் குடியிருப்பு வரம்பு, பகலில் 55, இரவில் 45, இதே அளவுகோலில்தான் இருக்கிறது. அதிர்வைத் தனியாக அளக்க விதி வர வேண்டும்.

தீபாவளி முடிந்து காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் ஓரிரு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அங்கே ஆடியோகிராம் எடுப்பார்கள். ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். இரைச்சலால் வந்த சேதம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதலில் தெரியும். தாமதிக்காமல் போய்விடுங்கள், உட்செவியின் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை.