கொரோனர்: அரசனின் கருவூலத்திலிருந்து உறவினரின் கேள்வி வரை

இங்கிலாந்தில் ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்தாலோ, காரணம் தெரியாமல் இறந்தாலோ, அரசுக் காவலில் இறந்தாலோ விசாரித்துச் சொல்லவேண்டிய பொறுப்பு 'கொரோனர்' என்ற அதிகாரியுடையது. இந்தப் பதவிப் பெயருக்கு வயது 800 ஆண்டுகளுக்கு மேல். ஒரு சாவினால் அரசனுக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்க்க வந்தவரைத்தான் அந்தக் காலத்தில் இப்படி அழைத்தார்கள். இன்று அதே பெயரைத் தாங்கியவர், அந்தச் சாவு எப்படி நேர்ந்தது என்று குடும்பத்துக்கும் ஊருக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

அன்று

சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு சிறைபிடிக்கப்பட்டார். அவரை விடுவிக்கக் கேட்கப்பட்ட தொகை 1,50,000 மார்க். போரும் மீட்புப் பணமும் கருவூலத்தைத் துடைத்துவிட்டன. 1194 செப்டம்பரில், மன்னர் பெயரால் ஆட்சி நடத்திவந்த கேன்டர்பரி பேராயர் ஹூபர்ட் வால்டரின் நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு கவுண்டியிலும் மூன்று வீரப் பெருமக்களும் ஓர் எழுத்தரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 'மகுடத்தின் வழக்குகளை'ப் பதிவுசெய்து காக்கவேண்டும் என்றது அது. மகுடத்துக்கு லத்தீனில் 'கொரோனா' என்று பெயர். பதவிப் பெயர் அதிலிருந்தே வந்தது.

மகுடத்தின் வழக்கு என்றால் மகுடத்துக்கு வருமானம். இங்கிலாந்தை வென்ற நார்மன்களின் படையெடுப்புக்குப் பின் வந்த சட்டப்படி, கொலையுண்டவர் ஆங்கிலேயர்தான் என்று நிரூபிக்கப்படாவிட்டால் அவர் நார்மன் என்றே கொள்ளப்பட்டார். அவரைக் கொன்றவன் அகப்படாதபோது அந்த வட்டாரமே தண்டம் கட்டியது. 1340இல்தான் இது ஒழிந்தது. கொரோனர் வருமுன் பிணத்தைப் புதைத்தாலும் அபராதம். தற்கொலை செய்துகொண்டவரின் உடைமைகள் அரசனுக்குப் போயின.

இவற்றில் கொடியது 'டியோடண்ட்' என்ற வழக்கம். கடவுளுக்குக் கொடுக்கப்படுவது என்று அதற்குப் பொருள். போய்ச் சேர்ந்ததோ அரசனிடம். சாவுக்குக் காரணமான வண்டி, குதிரை, படகு எதுவானாலும் அதன் மதிப்பை ஜூரிகள் கணித்தார்கள். அந்தத் தொகை மகுடத்துக்கு உரியது. ஒருவனை நசுக்கிய வண்டி அவன் குடும்பம் பிழைக்க இருந்த ஒரே வண்டியானாலும் விதிவிலக்கில்லை.

ஆனால் இந்தப் பறிமுதல் ஏற்பாட்டுக்குள் ஒரு நல்ல விதையும் கிடந்தது. கொரோனர் தனியாக முடிவு சொல்ல முடியாது. ஊர்க்காரர்களை ஜூரிகளாக அழைத்து, உடலைப் பார்க்கவைத்து, சத்தியத்தின் பேரில் பேசச்சொல்ல வேண்டும். எப்படிச் செத்தான் என்பதைச் சாதாரண மனிதர்கள் வெளிப்படையாகச் சொல்லும் இடமாக அது இருந்தது.

1846 என்ற திருப்பம்

ரயில் வந்தபின் அந்த விதை முளைத்தது. 1841 டிசம்பர் 24 அன்று ரெடிங் நகருக்கு அருகே சோனிங் என்ற இடத்தில், தண்டவாளத்தில் சரிந்துகிடந்த மண்ணில் கிரேட் வெஸ்டர்ன் ரயில் மோதியது. எஞ்சினை அடுத்த திறந்த பெட்டிகளில் இருந்த தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜூரிகள் 1,000 பவுண்டு டியோடண்ட் விதித்தார்கள். அரசனுக்காகப் பிறந்த தண்டம் கவனமில்லாத கம்பெனியைக் கண்டிக்கும் கருவியாக மாறியது. 1846இல் நாடாளுமன்றம் டியோடண்டை ஒழித்தது. அதே ஆண்டில், விபத்தில் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்காடும் உரிமையைத் தனிச்சட்டம் தந்தது. அதைப் பின்பற்றி 1855இல் இந்தியாவுக்கும் அப்படியொரு சட்டம் வந்தது.

அந்த 1846இல்தான் ஹவுன்ஸ்லோ ராணுவ முகாமில் 150 கசையடி பட்ட பிரெடரிக் ஜான் வைட் என்ற சிப்பாய் சில வாரங்களில் இறந்தார். சாவுக்கும் அடிக்கும் தொடர்பில்லை என்றது ராணுவ மருத்துவத் தரப்பு. அப்பகுதியின் கொரோனர் தாமஸ் வேக்லி. 'லான்செட்' மருத்துவ இதழை நிறுவியவர். ராணுவத்தின் சொல்லை அவர் அப்படியே ஏற்கவில்லை. வேறு மருத்துவரைக் கொண்டு உடலை மறுபடி ஆராயச் செய்தார். கசையடியால் விளைந்த சாவு என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நாடு கொதித்தது. கசையடியின் உச்சவரம்பு அவ்வாண்டே 50 ஆகக் குறைக்கப்பட்டது. 1881இல் ராணுவத்தில் கசையடியே ஒழிந்தது.

இன்று

2009ஆம் ஆண்டுச் சட்டம் கொரோனருக்கு வைக்கும் கேள்விகள் நான்கு: இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி? யார்மீதும் குற்றம் சுமத்த அவருக்கு அதிகாரமில்லை. உண்மையைச் சொல்லும் அதிகாரம் உண்டு, அது சிறியதல்ல.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசல் 96 உயிர்களைக் குடித்தது. காயத்தின் விளைவால் 2021இல் இன்னொருவரும் இறந்தார். முதல் மரண விசாரணை 'விபத்து' என்று முடிந்தது. குடும்பங்கள் ஓயவில்லை. 2012இல் அந்த முடிவு ரத்தானது. இரண்டாண்டுகளுக்கு மேல் நடந்த புதிய விசாரணையில், 2016 ஏப்ரலில், 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள்மீது தவறில்லை என்றும் ஜூரிகள் அறிவித்தார்கள். 2020இல் லண்டனில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று ஒரு கொரோனர் பதிவுசெய்தார். இனியும் இப்படி நேராமல் தடுக்க நடவடிக்கை தேவை என்று கொரோனர் அறிக்கை அனுப்பினால், பெற்ற அமைப்பு 56 நாட்களுக்குள் பதில் தரவேண்டும்.

இந்தியாவில் கொரோனர்களுக்கென 1871இல் ஒரு சட்டம் வந்தது. இப்போது இங்கே அந்தப் பதவி இல்லை. இலங்கையில் திடீர் மரண விசாரணை அதிகாரி இருக்கிறார். தமிழ்நாட்டில் சந்தேக மரணத்தைப் போலீசார் விசாரிக்கிறார்கள். ஆனால் காவலில் நேரும் மரணத்தை நீதித்துறை நடுவரும் தனியாக விசாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். சாவில் சம்பந்தப்பட்டவர்கள் மட்டுமே அதை விசாரிக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. முடிந்தவரை உறவினருக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் உடனிருக்க அவர்களை அனுமதிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. துக்கத்தின் நடுவில் இந்த உரிமையைப் பலர் அறியாமலே போகிறார்கள். தெரிந்தவர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.