உங்களுக்குத் தெரியுமா? இத்தாலியின் டிராட்டோரியா சாப்பாடு

● டிராட்டோரியா என்பது இத்தாலியில் பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடை. இடித்துக்கொண்டு போட்ட மேஜைகள், ஒரே பக்கத்தில் அடங்கும் மெனு, அந்தப் பருவத்துக் காய்கறி. நட்சத்திர உணவகங்களைவிட இத்தாலியின் ருசி இங்கேதான் தெரியும். காரணம் எளிது: இங்கே பரிமாறப்படும் பண்டங்களில் பலவற்றையும் உருவாக்கியவர்கள் கையில் காசில்லாத மக்கள்.

● பாஸ்தா அங்கே முழுச் சாப்பாடு அல்ல, முதல் சுற்று. தொடக்கத்துக்கு ஆன்டிபாஸ்டோ, அடுத்து பிரிமோ எனப்படும் பாஸ்தாவோ ரிசோட்டோவோ, அதன்பின் செகொண்டோவாக இறைச்சி அல்லது மீன். காய்கறியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு விலையும் தனி. எல்லாச் சுற்றையும் வாங்கியே ஆகவேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. இரண்டு பேர் போனால் தொடக்கத்தில் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு பாஸ்தா வாங்கினாலே வயிறு நிறைந்துவிடும்.

● பில்லில் 'கோபெர்டோ' என்று ஆளுக்கு 1 முதல் 3 யூரோ வரை இருந்தால் பதற வேண்டாம். மேஜை விரிப்புக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம் அது, டிப்ஸ் அல்ல. ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலம் 2006-இல் சட்டம் போட்டு இதைத் தடுத்தது. அங்கே ரொட்டிக்கு மட்டும் காசு வாங்கலாம். ரொட்டி வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம்.

● ரோம் டிராட்டோரியாக்களின் பெருமை காச்சோ எ பெப்பே. பெக்கொரினோ என்ற ஆட்டுப்பால் சீஸ், மிளகு, பாஸ்தா. இவ்வளவுதான் சாமான். வெண்ணெய் கிடையாது, க்ரீம் கிடையாது. ஆனால் சமையல்காரரின் கைத்திறனை இதுபோலச் சோதிக்கும் பண்டம் வேறு இல்லை என்பேன். கொரகொரப்பாக இடித்த மிளகை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை சூடாக்கி, அதில் பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரை ஒரு கரண்டி விடுவார்கள். முக்கால் பதம் வெந்த பாஸ்தா அதில் விழும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே துருவிய சீஸைத் தூவி, வாணலியை விடாமல் குலுக்குவார்கள். சூடு கொஞ்சம் கூடினாலும் சீஸ் திரண்டு கட்டி கட்டியாகிவிடும். சரியாக வந்தால் ஒவ்வொரு இழையிலும் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும்.

● அந்தக் கட்டி ஏன் விழுகிறது என்று இயற்பியலாளர்கள் ஆராய்ந்தார்கள். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் ஸ்டார்ச் சேர்ந்தால் சாஸ் திரியாது, 1 சதவீதத்துக்குக் கீழே போனால் திரிந்துவிடும் என்று கண்டார்கள். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2025-இல் இதற்குக் கிடைத்தது. பாட்டிமார் கஞ்சித் தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்ததன் நியாயம் இதுதான்.

● ரோமின் மிளகு மோகம் நமக்கு நெருக்கமானது. சேர நாட்டு முசிறியில் யவனர் பொன்னைக் கொடுத்து மிளகு வாங்கிப் போனதைச் சங்கப் பாடல் சொல்கிறது. அதே காலத்தை ஒட்டி, கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், பேரரசர் டொமிஷியன் ரோம் நகரின் நடுவிலேயே மிளகுக் கிடங்குகளைக் கட்டினார். அவற்றின் எச்சங்கள் இன்றும் அங்கே உள்ளன.

● ரோமின் டெஸ்டாச்சோ வட்டாரத்தில் 1890 வாக்கில் பெரிய இறைச்சிக்கூடம் வந்தது. நல்ல கறியெல்லாம் செல்வந்தர் வீடுகளுக்கும் மதகுருமாருக்கும் படைக்கும் போய்விடும். தோலுரிக்கும் தொழிலாளிக்குக் கூலியோடு கிடைத்தது வால், குடல், தலைக்கறி. அவர்கள் அதை அக்கம்பக்கத்துக் கடைகளில் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். மாட்டு வாலைத் தக்காளியும் செலரியும் சேர்த்து, எலும்பிலிருந்து சதை தானே கழன்று வரும்வரை மணிக்கணக்கில் வேகவைக்கும் கோதா அல்லா வாச்சினாரா அப்படிப் பிறந்தது. 1975-இல் இறைச்சிக்கூடம் மூடப்பட்டது. கட்டடத்தில் இன்று கலைக்கூடம் நடக்கிறது. சுற்றியுள்ள டிராட்டோரியாக்களில் வால்கறி இன்னும் கொதிக்கிறது. வாச்சினாரா என்ற சொல்லே அந்தத் தொழிலாளிகளைக் குறிப்பதுதான்; ஆனால் அவர்களில் ஒருவரின் பெயர்கூட எந்த மெனுவிலும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

● 2015-இல் மிலானில் தொடங்கிய 'டிரிப்பா', புதுக்கால டிராட்டோரியாவுக்கு நல்ல உதாரணம். சமையல் கலைஞர் டியேகோ ரோஸி அங்கே குடலை மொறுமொறுப்பாகப் பொரித்துத் தருகிறார். வெள்ளைத் துணி மேஜை, ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆனாலும் இடம் கிடைப்பது எளிதல்ல.

● ரோமில் வியாழக்கிழமை என்றால் உருளைக்கிழங்கு நியோக்கி, வெள்ளி மீன், சனி குடல்கறி. வெள்ளியன்று கறி தவிர்க்கும் கத்தோலிக்க வழக்கத்தால், முந்தின நாளே வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டார்கள்.

● போலோன்யாவில் டாலியாடெல்லே நாடாவின் அகலம் வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதை 1972-இல் அந்நகர வணிகக் கழகத்தில் பதிவே செய்துவிட்டார்கள். கறிச் சாஸ் அதில்தான் பிடிக்கும். ஸ்பகெட்டியில் கேட்டு அங்கே மனம் நோகச் செய்யாதீர்கள்.

● டஸ்கனி ரொட்டியில் உப்பு இருக்காது. பழைய ரொட்டியைப் பீன்ஸோடும் கருங்கீரையோடும் மறுநாள் மீண்டும் கொதிக்க வைத்தால் ரிபொல்லீத்தா. குளிர்காலத்தில் போனால் தவறவிடக் கூடாதது.

● சின்னக் கடைகளைக் காக்கக் குரல் கொடுத்த 'ஸ்லோ ஃபுட்' இயக்கம், 1986-இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டருகே மெக்டொனால்ட்ஸ் திறந்ததற்கு எழுந்த எதிர்ப்பில் வேர்விட்டது. அவர்கள் 1990 முதல் வெளியிடும் கையேட்டில் நத்தைச் சின்னம் பெற்ற கடை என்றால் நம்பிப் போகலாம்.

● தட்டில் மிஞ்சிய சாஸை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது டிராட்டோரியாவில் குறையல்ல. சமைத்தவர் அதைப் பார்த்தால் மகிழ்வார். சாப்பாட்டுக்குப் பின் கப்புச்சினோ மட்டும் வேண்டாம், அது காலைப் பானம்; சின்னக் கோப்பையில் எஸ்பிரெஸோ கேளுங்கள். பில்லையும் நீங்களே கேட்டால்தான் கொண்டுவருவார்கள். எழுந்து போகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்பதால் தாமாக வந்து நீட்டுவது அங்கே வழக்கமில்லை.