‘வந்தான்’லேர்ந்து ‘வந்தால்’: ஸ்பானிஷ் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ் தமிழ் வழியில

ஸ்பானிஷ் கத்துக்கறவங்களை மிரட்டுற இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்தான் இன்னிக்கு. அதுவும் ஒழுங்கா விதிப்படி நடக்கற வினைச்சொற்கள் மட்டும்.

முதல்ல தமிழைப் பார்ப்போம். ‘வந்தான்’ இறந்தகாலம். அதுல ‘ஆன்’ எடுத்துட்டு ‘ஆல்’ போட்டா ‘வந்தால்’. நாளைக்கு வர்றதைப் பத்திப் பேசினாலும் இறந்தகாலத்துலேர்ந்துதான் சொல்லைக் கட்டறோம். ஸ்பானிஷும் அதே வழிதான்.

எப்படி உருவாக்குறது?

‘அப்லாரோன்’னா ‘பேசினாங்க’. கடைசி ‘ஓன்’ எடுத்துட்டு ‘ஆ’ போடுங்க: அப்லாரா. சாப்பிடறதுக்கு கோமியேரோன், கோமியேரா. வசிக்கறதுக்கு பிபியேரோன், பிபியேரா.

தமிழ்ல யார் வந்தாலும் ‘வந்தால்’தான். ஸ்பானிஷ்ல ஆளுக்கு ஏத்த மாதிரி விகுதி மாறும்:

- நான்: அப்லாரா
- நீ: அப்லாராஸ்
- அவன், அவள்: அப்லாரா
- நாம்: அப்லாராமோஸ்
- நீங்கள்லாம் (ஸ்பெயின் வழக்கு): அப்லாராய்ஸ்
- அவர்கள்: அப்லாரான்

எல்லாத்துலயும் அழுத்தம் ‘ப்லா’ மேல. அதைக் கடைசி ‘ரா’வுக்குக் கொண்டுபோனா ‘பேசுவான்’னு எதிர்காலம் ஆயிடும். ‘அப்லாசே’ன்னு இன்னொரு வடிவமும் உண்டு. படிக்கும்போது அடையாளம் தெரிஞ்சா போதும்.

எங்கே பயன்படுத்துறது?

ஒண்ணு, நிஜத்துல இல்லாததைக் கற்பனை பண்ண. தாம்பரத்துலேர்ந்து தினமும் டிரெயின்ல கிண்டிக்கு வர்றவர் சொல்லலாம்: “சி பிபியேரா சேர்கா, கமினாரீயா அ லா ஒபிசினா.” பக்கத்துல குடியிருந்தா ஆபீசுக்கு நடந்தே போவேன். ‘ரீயா’ ரெண்டாவது பாதியில மட்டும்தான். ‘சி’ பக்கத்துல அது வரக் கூடாது.

ரெண்டு, நேத்தைய ஆசையைச் சொல்ல. “மி மமா கெரீயா கே எஸ்துதியாரா இன்ஹெனியெரீயா.” நான் இன்ஜினியரிங் படிக்கணும்னு அம்மா ஆசைப்பட்டாங்க. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் வாசல்ல நின்னு கேட்டா, இந்த வாக்கியம் பலபேருக்குப் பொருந்தும்!

தமிழ் காலை வாரிவிடற இடம்

‘இன்னிக்கு பணம் அனுப்பினா’ன்னு நாம சொல்றது நடக்கப்போறதுக்கும் பொருந்தும், வெறும் கற்பனைக்கும் பொருந்தும். ஸ்பானிஷ்ல ரெண்டும் தனித்தனி. கிண்டி தொழிற்பேட்டையில ஒரு கம்பெனி, மெக்சிகோ கஸ்டமருக்கு மெயில் எழுதுதுன்னு வெச்சுக்கோங்க. “சி பாகன் ஓய், மண்தாமோஸ் எல் பெதீதோ மன்யானா”ன்னா நேரடியான ஆஃபர்: இன்னிக்கு பணம் கட்டுங்க, நாளைக்கு சரக்கு அனுப்பறோம். அதையே ‘சி பாகாரான்’, ‘மண்தாரீயாமோஸ்’னு எழுதினா, ‘நீங்க கட்டவா போறீங்க’ன்னு ஒரு சந்தேகம் உள்ள வந்து உட்காந்துக்கும்.

அதனால ‘சி’ போடறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: இது நடக்க வாய்ப்பிருக்கா, இல்ல சும்மா கற்பனையா? வாய்ப்பிருந்தா சாதாரண நிகழ்காலம். கற்பனைன்னா ‘ஓன்’ எடுத்து ‘ஆ’.

இந்த வாரம் ‘கோம்ப்ரார்’, அதாவது ‘வாங்கு’, அதை எடுத்துக்கோங்க. ‘கோம்ப்ராரோன்’லேர்ந்து ஆறு வடிவமும் சத்தமா சொல்லிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல விதிக்கு அடங்காத வினைச்சொற்களோட சந்திப்போம்!