பைத்தான் நிரலில் புறக்கட்டளை வெளியீட்டைப் பெறுதல்: தமிழ்த் தரவகப் பணியை முன்வைத்து

முன்னுரை

அச்சு நூல்களை மின்னுரையாக்கித் தரவகம் அமைக்கும் ஆய்வாளர்கள், எழுத்துணர்தலுக்கு டெசராக்ட் போன்ற கட்டளைவரி மென்பொருளை நாடுகின்றனர். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் கட்டளையைத் தனித்தனியே தட்டச்சிடுவதற்கு மாற்றாக, பைத்தான் நிரலே அதனை இயக்கி விளைவைப் பெறலாம். அம்முறையையும், அதில் தமிழ் உரைக்கு நேரக்கூடிய இழப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூவகை விளைவுகள்

ஒரு புறக்கட்டளை செந்தர வெளியீடு, பிழை வெளியீடு, முடிவுநிலை எண் என மூன்றைத் தருகிறது. பழைய ‘ஓஎஸ்.சிஸ்டம்’ செயற்கூறு முடிவுநிலையை மட்டுமே திருப்பித் தரும். உரை திரைக்குச் சென்றுவிடும். 2004இல் வெளியான 2.4ஆம் பதிப்பில் ‘சப்பிராசஸ்’ தொகுதி இடம்பெற்றது. அதன் ‘ரன்’ செயற்கூறு 2015இல் 3.5ஆம் பதிப்பில் சேர்ந்தது. ‘கேப்ச்சர்_அவுட்புட்’ என்னும் அளபுருவை மெய் என அமைத்தால் இரு வெளியீடுகளும் தனித்தனியே நிரலுக்குக் கிட்டும். கட்டளையின் உறுப்புகளை ஒரே சரமாக அன்றிப் பட்டியலாகத் தருதல் நன்று. இடைவெளியுள்ள கோப்புப்பெயர்கள் அப்போது பிளவுபடா. டெசராக்ட் தன் விளைவை இயல்பாகக் கோப்பில் எழுதும். வெளியீட்டுப் பெயரின் இடத்தில் ‘எஸ்டிடிஅவுட்’ எனக் குறித்தாலே உரை நிரலை வந்தடையும்.

குறியாக்கம்

இவ்வாறு கிடைப்பவை எழுத்துகள் அல்ல, பைட்டுகள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைட்டுகள் கொள்ளும்; ‘கொ’ என்பது மெய்யேறிய குறியும் உயிர்க்குறியுமாக 6 பைட்டுகளாகும். குறியாக்கத்தைச் சுட்டாமல் உரையாக மாற்றப் பணித்தால், பைத்தான் கணினியின் இட அமைப்பைப் பின்பற்றும். அது யூடிஎஃப்-8 அல்லாத விண்டோசு கணினிகளில் உரை பொருளற்ற குறிகளாகச் சிதையும். அல்லது நிரல் இடையில் நிற்கும். ஆகவே ‘என்கோடிங்’ அளபுருவில் யூடிஎஃப்-8 என வெளிப்படையாகக் குறிப்பிடுதல் வேண்டும்.

ஓசையற்ற இழப்பு

உரை சிதைந்தால் கண்ணுக்குத் தெரியும். உரையே வாராதுபோனால் தெரியாது. கட்டளை தோல்வியுறும்போது செந்தர வெளியீடு பெரும்பாலும் வெற்றுச் சரமாகவே அமையும். ‘ரன்’ செயற்கூறு தானாகத் தடையெழுப்பாததால், நிரல் அதனை எழுத்தில்லாத பக்கமாகக் கொண்டு மேற்செல்லும். சொல்லடைவில் அப்பக்கத்துச் சொற்கள் இடம்பெறா. ஒரு சொல் அந்நூலில் பயிலவில்லை என்னும் ஆய்வு முடிவு, உண்மையில் படிக்கப்படாத ஒரு பக்கத்தின் மீது எழுந்து நிற்கக்கூடும். முடிவுநிலை எண் சுழியமாயின் கட்டளை முறையாக முடிந்தது, பிறவாயின் தோல்வி. ‘செக்’ அளபுருவை மெய் என அமைத்தால் தோல்வியின்போது பைத்தான் பிழையெழுப்பும். காரணத்தைப் பிழை வெளியீட்டில் காணலாம்.

முடிவுரை

வெளியீட்டுடன் முடிவுநிலை எண்ணையும் பிழைச்செய்தியையும் பக்கவாரியாகப் பதிந்துவைத்தல், தரவகத்தின் ‘இன்மை’யையும் சான்றாகக் கொள்ளத்தக்கதாக்கும்.