அடியில் ஒரு துளை

தோட்டக்கலை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிலமுடையோரை மனத்திற்கொண்டே எழுதுகின்றனர். பாத்தி இத்தனை அடி, வேலி இத்தனை அடி என்று அவர்கள் அளந்து கூறுகையில், அளப்பதற்கு நிலமே இல்லாதவன் என்ன செய்வான் என்ற வினா எழாமற் போகிறது. அவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் வரக்காப்பொலைச் சுற்றுவட்டாரத்து லயங்களின் பின்புறத்தைச் சென்று பார்த்தல் வேண்டும்.

கொழும்பு–கண்டி வீதியில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில், கேகாலை மாவட்டத்தில் உள்ளது இவ்வூர். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயம் இது. இறப்பர் செழிக்கும் பூமி. இங்கே மழைக்கும் குறைவில்லை, வெயிலுக்கும் குறைவில்லை. குறைவதெல்லாம் நிலமே. லயக் காம்பராவின் பின்கதவுக்கும் மலைச்சரிவுக்கும் இடையே கிடப்பது சில முழ மண்தான். அதுவும் குடியிருப்போருக்குச் சொந்தமன்று.

இம்மக்கள் ஏன் மரத்தை விடுத்துத் தகரத்தில் செடி நட்டனர் என்பதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு எனக் கருதுகிறேன். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் குடியுரிமையற்றோராக்கிற்று. 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. பலா நடுகிறவன் பத்தாண்டுகளுக்கு அப்பால் நோக்குகிறான். அடுத்த ஆண்டு எங்கிருப்போம் என்றறியாதவன் தூக்கிச் செல்லத்தக்க பாண்டத்திலேயே செடி வளர்ப்பான். 2015க்குப் பின்னர் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் வழங்கித் தனிவீடு அமைக்கும் திட்டம் வந்தது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதுவும் இன்னும் பலருக்கு எட்டவில்லை.

ஆகவே, பிறர் எறிந்த பொருளே இங்கு தோட்டமாகிறது. உரச்சாக்கு, எண்ணெய்த் தகரம், உடைந்த வாளி, தேய்ந்த டயர், தேங்காய்ச் சிரட்டை என்பனவே பாத்திகள். சாக்கின் வாயை மடித்து, அடியில் தும்பு பரப்பி, மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பினால் இஞ்சி நன்கு கிழங்கு வைக்கும். தகரத்தில் கத்தரியும் மிளகாயும் காய்க்கும். ஆழமில்லாத பாண்டத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படரும். சிரட்டையின் சிறப்பைத் தனியே சொல்ல வேண்டும். தேங்காயின் மூன்று கண்களுள் ஒன்று மென்மையானது. முளை வெளிவருவதற்கு இயற்கை வைத்த வாயில் அது. கண்ணுள்ள பாதி இறப்பர்ப் பால் ஏந்துவதற்கு அவ்வளவாக உதவாது. ஆனால் அந்தக் கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால், நாற்று வளர்க்க அதனினும் ஏற்ற கிண்ணம் வேறில்லை.

குப்பைக்கும் பாண்டத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு துளைதான். வேருக்கு நீர் வேண்டுவதுபோலக் காற்றும் வேண்டும். அடியில் நீர் தேங்கினால் மண்ணிடைக் காற்று வெளியேறி வேர் அழுகும். அதே துளை மனிதருக்கும் காவல். துளையற்ற தகரத்திலும் சிரட்டையிலும் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாட்களுக்குள் அம்முட்டை பறக்கும் நுளம்பாகிவிடும். 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு உள்ளாகினர்; 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். டயரில் மண் நிரப்பினாலும் உள்விளிம்பில் நீர் நிற்கும். அங்கும் துளையிடல் வேண்டும். பூச்சிமருந்து இருந்த கலனை மட்டும் எக்காரணத்தாலும் உணவுச் செடிக்குக் கொள்ளலாகாது.

மண்ணுக்கு உணவும் எறியப்படுவதிலிருந்தே கிடைக்கிறது. சருகு, காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, சாணம் என்பவற்றை அடுக்கி ஈரம் காத்தால் சில மாதங்களில் எரு ஆகும். வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவின் தழை நைதரசன் மிகுந்தது. அதையும் இடையிடையே சேர்த்தல் நன்று.

இவ்வறிவின் பயனை நாடு முழுவதும் உணர்ந்த காலம் ஒன்று வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், 2022 செப்டெம்பரில், உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 சதவீதத்தைத் தாண்டிற்று. அவ்வாண்டு ஜூனில் அரச ஊழியருக்கு, வீட்டுத்தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. நாட்கூலிக்கு உழைக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய விடுமுறை இல்லை. கொழுந்து நிறுத்து, பால் அளந்து, வீடு திரும்பிய பின்னரே அவர் தம் தகரத்துக்கு நீர் வார்த்தார்.

இழந்தவர் எறிந்த பொருளால் தோட்டம் சமைப்பது வேறிடத்தும் நிகழ்ந்ததுண்டு. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் ஊரை இழந்து வந்த நேக் சந்த் என்பவர் சண்டிகார் நகரில் வீதிப் பரிசோதகராகப் பணியாற்றினார். புதிய நகருக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் உடைந்த ஓடு, வளையல், பீங்கான் முதலியவற்றைச் சேர்த்து, 1957 முதல் அரசு நிலத்தில் மறைவாக ஒரு பூங்காவை ஆக்கினார். அதிகாரிகள் அதனைக் கண்டபோது அழித்துவிடவில்லை. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தனர். சொந்தமல்லாத மண்ணில் ஒருவர் செய்த தோட்டத்தை மதித்ததால் நகரமே பெருமை பெற்றது.

சரிவில் வாழ்வோருக்கு இம்முறையில் இன்னுமொரு நன்மையும் உண்டு. பாத்திக்காக மலையை வெட்ட வேண்டுவதில்லை. 2016 மே 17ஆம் நாள் இதே மாவட்டத்து அரநாயக்கவில், கனமழையால் மலை சரிந்து ஊரையே புதைத்தது. இந்நாட்டு மலைச்சரிவுகள் எத்தகையன என்பதை அப்பேரிடர் காட்டிற்று. மேற்பரப்பில் வைத்த சாக்கு மலையைப் புண்படுத்துவதில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிரட்டையும் ஒரு மிளகாய் விதையும் போதும். வேர், நீர், காற்று, நோய்த்தடுப்பு ஆகிய பாடங்கள் அத்தனையும் அதனுள் அடங்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. தகரத்தில் கத்தரி காய்ப்பதைக் கண்டு, ‘இவர்களுக்கு நிலம் எதற்கு?’ என்று கேட்கும் மனமும் உலகில் உண்டு. சிக்கனத்தைப் போற்றுவோர் அதனைக் காரணங்காட்டி உரிமையை மறுத்தலாகாது. பிறர் எறிந்த பாண்டத்தில் இவ்வளவு விளைவித்தவர்கள், உறுதி எழுதித் தந்த நிலத்தில் எவ்வளவு விளைவிப்பார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அன்று அவர்கள் நடும் முதற்செடி பலாவாக இருக்கட்டும்.